இரங்கல் சுவரொட்டிக்கு உருண்டை எழுத்து வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடைப் பெயர்ப்பலகைகளில் தமிழ் முதலிடத்தில் இருக்க வேண்டும் என்று வாசகர்கள் எழுதும் கடிதங்களைத் தங்கள் நாளிதழில் தவறாமல் படித்துவருகிறேன். தமிழுக்கு 5 பங்கு, ஆங்கிலத்துக்கு 3, பிற மொழிக்கு 2 என்று அரசு இடம் பிரித்துக் கொடுத்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. பலகையில் தமிழுக்கு எவ்வளவு இடம் என்று எல்லாரும் அளக்கிறார்கள். அந்த இடத்தில் எப்படிப்பட்ட எழுத்து நிற்கிறது என்று கேட்பவர்களைக் காணோம். திருநெல்வேலிச் சீமையின் சுவர்களிலும் தகரப் பலகைகளிலும் 38 ஆண்டுகள் எழுத்து எழுதிப் பிழைத்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

கடந்த ஐப்பசியில், எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஆசான் காலமானார். மறுநாள் காலை பாளையங்கோட்டை பஸ் நிலையத்தின் பக்கம் ஒரு சுவரில் அவருடைய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டியிருந்தது. பார்த்ததும் கால் நின்றுவிட்டது. 'கண்ணீர் அஞ்சலி' என்ற இரண்டு சொற்களும் கொழுகொழுவென்று உருண்ட எழுத்தில், மேலே மஞ்சளும் கீழே ஆரஞ்சுமாக, வெள்ளை விளிம்பும் நீல நிழலும் போட்டு, பிறந்தநாள் கேக்கின் மேல் கிரீம் பிழிந்ததுபோல இருந்தன. அதற்குக் கீழே சந்தனப் பொட்டோடு ஆசானின் படம். பஸ்ஸுக்குக் காத்திருந்த ஓர் அம்மா, யாருக்குக் கல்யாணம் என்று எட்டிப் பார்த்துவிட்டு, பிறகு கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார். ஒவ்வோர் எழுத்தின் முகத்தையும் பார்த்துப் பார்த்து எழுதிய மனிதருக்கு அப்படி ஒரு சுவரொட்டி அமைந்ததில் எனக்கு இன்றுவரை மனம் ஆறவில்லை.

அச்சடித்துக் கொடுத்த கடைக்குப் போனேன். கம்ப்யூட்டரின் முன் இருந்த தம்பிக்கு 22 வயது இருக்கும். "அண்ணாச்சி, இரவு பதினொரு மணிக்கு வந்து, விடிவதற்குள் வேண்டும் என்றார்கள். சாயங்காலம் ஒரு பிறந்தநாள் பேனர் செய்து வைத்திருந்தேன். அதிலேயே பெயரையும் படத்தையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். வாங்கிப் போனவர்கள் ஒன்றும் சொல்லவில்லையே" என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. துக்க வீட்டில் எழுத்தை யார் பார்க்கப்போகிறார்கள்? அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்த எழுத்து எந்த இடத்துக்கு என்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. எங்களுக்கு இருந்தார்.

ஆசான் முதலில் இரண்டே வகை எழுத்துகளைத்தான் கற்றுக்கொடுத்தார். ஒன்று கட்டை எழுத்து. கோட்டின் நுனி சதுரமாக வெட்டுப்பட்டு நிற்கும். மற்றொன்று உருட்டு எழுத்து. கோட்டின் நுனி விரல் நுனியைப் போல உருண்டிருக்கும், மூலைகள் மழுங்கி வளைந்திருக்கும், தடிப்பு எங்கும் ஒன்றுபோலத் தெரியும். டாக்டர், வக்கீல், பத்திரப் பதிவு, ரேஷன் கடை, கோயில் உபயம், துக்கம் எல்லாம் கட்டை எழுத்துக்கு. நன்னாரி சர்பத், ஐஸ் கடை, மிட்டாய்க் கடை, பொம்மைக் கடை, பாலர் பள்ளி, ஆனித் தேரோட்டத்துக்கு வந்து இறங்கும் ராட்டினம் எல்லாம் உருட்டு எழுத்துக்கு. ஒருமுறை, முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு வக்கீலின் பலகையை நான் ஆசைப்பட்டு உருட்டு எழுத்தில் எழுதி முடித்திருந்தேன். ஆசான் வந்தார், பார்த்தார், டர்பன்டைன் நனைத்த துணியால் முழுவதையும் துடைத்துவிட்டார். "வக்கீல் வீட்டு வாசலில் கிலுகிலுப்பையைக் கட்டித் தொங்கவிடுவாயா?" என்று மட்டும் கேட்டார்.

உருட்டு எழுத்துப் பார்க்க எளிது, எழுதக் கடினம். கட்டை எழுத்துக்குப் பட்டைப் பிரஷை இழுத்து நிறுத்தினால் போதும், நுனி தானாகச் சதுரமாக அமைந்துவிடும். உருட்டு எழுத்தில் கோடு முடிகிற இடத்தில் பிரஷைத் தூக்காமல் மணிக்கட்டை அரைவட்டமாகத் திருப்ப வேண்டும். முந்தித் திருப்பினால் நுனி ஊசியாகிவிடும். தாமதித்தால் பெயிண்ட் தேங்கி வழியும். அடுத்தது நூல் கணக்கு. நீலத்தூள் தடவிய நூலைச் சுவரில் இருவர் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் மேல்கோடும் கீழ்கோடும் விழும். 'ட' அந்தக் கீழ்கோட்டில் தட்டையாக உட்கார்ந்துகொள்ளும். 'ல' போன்று அடி வளைந்த எழுத்தைச் சரியாகக் கோட்டிலேயே நிறுத்தினால், தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கும்போது அது அந்தரத்தில் தொங்குவதுபோலத் தெரியும். வளைவைக் கோட்டுக்குக் கீழே கொஞ்சம் இறக்கினால்தான் கண்ணுக்குச் சமமாக இருக்கும். ஓர் அடி உயர எழுத்துக்குக் கால் அங்குலம் என்பது எங்கள் கணக்கு.

எல்லாவற்றையும்விடச் சோதனை மூன்றுசுழி 'ண'. தடித்த எழுத்தில் அதை எழுதினால் சுழிகளின் கண் அடைத்துக்கொள்ளும். அதனால் சுழிக்குள் போகும் கோட்டைச் சற்று மெலிய வைத்து, வெளிக்கோட்டில் தடிப்பைக் காட்டுவோம். பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே தடிப்பாகத் தெரியும். வண்ணார்பேட்டை என்ற ஊர்ப்பெயரை உருட்டு எழுத்தில் கண் அடையாமல் எழுதிவிட்டால், அந்த ஆளைத் தனியாக வேலைக்கு அனுப்பலாம் என்று ஆசான் முடிவு செய்வார். எனக்கு அதற்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

நான் உருண்டை எழுத்துக்கு எதிரி அல்லன் என்பது இதிலிருந்து விளங்கும். அது நமக்கு வெளியிலிருந்து வந்ததும் அல்ல. நம் எழுத்து வளைந்ததற்குப் பனை ஓலையை ஒரு காரணமாகச் சொல்வார்கள். எழுத்தாணியால் ஓலையின் நரம்போடு நீளமாகக் கீறினால் ஓலை பிளந்துவிடும், வளைத்து எழுதினால் தாங்கும். திசையன்விளைப் பக்கம் பனைகளுக்கிடையே வளர்ந்தவர்கள் ஓர் ஓலையை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தாலே இது புரியும். சங்கரன்கோவில் சாலையில் இருக்கும் மானூர்க் கோயிலில், சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முந்தைய பாண்டியர் கால வட்டெழுத்துக் கல்வெட்டு இருக்கிறது. ஊர்ச் சபை எப்படி நடக்க வேண்டும் என்பதைச் சொல்லும் கல்வெட்டு அது. உளி பிடித்துக் கல்லில் வெட்டும்போதுகூட அந்த எழுத்தை வளைத்துத்தான் வெட்டியிருக்கிறார்கள். சோழர் ஆட்சி வந்த பிறகுதான் வட்டெழுத்து இந்தப் பக்கத்தை விட்டு மெல்ல விலகியது.

ஓலையில் பொத்தல் விழும் என்று அஞ்சி ஏடு எழுதியவர்கள் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் விதித்திருந்தும் இதுதான் நிலைமை. 'எ'கரத்துக்கும் 'ஏ'காரத்துக்கும் இன்று நாம் காட்டும் வேறுபாடு, காமநாயக்கன்பட்டியில் சில காலம் இறைப்பணி செய்த வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் செய்த திருத்தத்தால் வந்தது. ஒரு புள்ளிக்கும் ஒரு சுழிக்கும் இவ்வளவு பாடு பட்டிருக்கிறார்கள். அதனால்தான், இன்றைய பேனர்களில் புள்ளி நிழலுக்குள் மறைந்துபோவதைப் பார்க்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

நான் பிரஷைத் தொட்டது 1979-இல். அதற்கு முந்தின ஆண்டுதான் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தது. பெரியார் 1935-லேயே தம் இதழில் பயன்படுத்திய வடிவங்கள் அவை. லை, னை, ணை, ளை எல்லாம் யானைத் துதிக்கை போன்ற பழைய வளைவை இழந்தன. ணா, றா, னா சுருளை விட்டுத் துணைக்கால் பெற்றன. என் முதல் இரண்டு ஆண்டு வேலையில் பாதி, 'வெற்றிலை', 'கடலை', 'சேலை' என்றிருந்த பழைய பலகைகளில் அந்த ஒரே ஓர் எழுத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக எழுதுவதாகவே இருந்தது. பக்கத்து எழுத்துகளின் தடிப்புக்கும் உருட்டலுக்கும் பொருந்தாமல் போனால் கடைக்காரர் கூலி தரமாட்டார். அன்று கடைக்காரர்களுக்கு எழுத்தைப் பார்க்கும் கண் இருந்தது.

என் பேத்தி கல்லூரியில் வடிவமைப்புப் படிக்கிறாள். சுவரொட்டி பற்றி நான் புலம்பியதைக் கேட்டுத் தன் மடிக்கணினியில் ஓர் எழுத்துருவைத் திறந்து காட்டினாள். பெயர் 'பலூ தம்பி'. மும்பையில் இருக்கும் ஏக் டைப் என்ற எழுத்துருக் குழுவினர் செய்தது. தேவநாகரி, தெலுங்கு, கன்னடம், மலையாளம், வங்காளம், குஜராத்தி என்று ஒவ்வொன்றுக்கும் அதே உருண்டைத் தடிப்பில் எழுத்துச் செய்து, பெரும்பாலானவற்றின் பெயரில் அந்தந்த மொழியார் வாஞ்சையாகக் கூப்பிடும் சொல்லைச் சேர்த்திருக்கிறார்கள். மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு, குஜராத்திக்குப் பாய், நமக்குத் தம்பி. காசு கிடையாது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், கடைப் பலகைக்கும் பயன்படுத்தலாம். பின்னர் வந்த இரண்டாம் பதிப்பில் சாதாரணத் தடிப்பு முதல் மிகத் தடித்தது வரை ஐந்து தடிப்புகள் உண்டு.

நான் கேட்ட முதல் எழுத்து 'ண'. பேத்தி அதைத் திரை நிறையப் பெரிதாக்கினாள். சுழியின் கண் திறந்திருந்தது. உள்ளே திரும்பும் இடத்தில் கோடு மெலிந்து, வெளியே வந்ததும் தடித்திருந்தது. ஆசான் எனக்கு இரண்டு ஆண்டுகள் கற்றுக்கொடுத்ததை, எங்கள் ஊரைப் பார்த்தறியாத யாரோ கம்ப்யூட்டரில் செய்து வைத்திருக்கிறார்கள். அந்தத் திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தை மாதம் எங்கள் தெரு அங்கன்வாடிச் சுவரில் உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் எழுதித் தரும்படி கேட்டார்கள். முன்பிருந்தது கூர்கூரான சாய்ந்த எழுத்து. நிறம்தான் பளிச்சென்று இருந்தது, 'இ' எது 'ஞ' எது என்று பெரியவர்களுக்கே நிதானிக்க வேண்டியிருந்தது. பலூ தம்பியில் எழுத்துக்கு ஒரு தாளாக அச்செடுத்து, ஓரம் முழுவதும் ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டேன். தாளைச் சுவரில் வைத்து, கரித்தூள் கட்டிய துணி முடிச்சால் தட்டினால் எழுத்தின் ஓரம் புள்ளி புள்ளியாகச் சுவரில் இறங்கும். அதன்மேல் எனாமல் பெயிண்ட். இரண்டு எழுத்துகளில் மட்டும் என் கையைச் சேர்த்துக்கொண்டேன். 'ப'வின் அடி மூலைகளையும் 'ட'வின் மூலையையும் கொஞ்சம் நிமிர்த்தினேன். மிகவும் உருண்டால் 'ப' ஆங்கில யு எழுத்தைப் போலாகிவிடும். எழுதப் பழகும் பிள்ளைக்கு அந்தக் குழப்பம் வேண்டாம் என்பது என் எண்ணம்.

பெயிண்ட் காய்ந்த பிறகு ஒரு நாள் போய்ப் பார்த்தேன். மூன்று வயதுப் பெண்குழந்தை ஒன்று, நுனிவிரலை 'அ'வின் சுழியில் வைத்து, வளைவோடு கூடவே இறங்கி, வயிற்றைச் சுற்றி, கடைசியில் நேர்கோட்டில் மேலும் கீழும் இழுத்தது. மறுபடியும் சுழிக்கு வந்தது. கோட்டின் அகலமும் அதன் விரலின் போக்கும் அப்படி ஒத்துப்போயின. ஐந்தாறு முறை இழுத்த பிறகுதான் பொறுப்பாளர் அம்மா கூப்பிட்டது அதன் காதில் விழுந்தது. உருண்டை எழுத்தின் இடம் அது.

இப்படிப்பட்ட எழுத்து பேனர்க் கடைகளில் படும் பாட்டைச் சொல்ல வேண்டும். 10 அடி அகலப் பலகையில் பெயர் 6 அடிக்குத்தான் வருகிறது என்றால், எழுத்தின் ஓரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்துவிடுகிறார்கள். இழுத்தால் நிற்கும் கோடுகள் தடிக்கும், படுக்கும் கோடுகள் அப்படியே மெலிந்திருக்கும். எங்கும் ஒரே தடிப்பாகத் தெரிவதுதான் இந்த எழுத்தின் அழகு. அது முதல் இழுப்பிலேயே போய்விடுகிறது. வட்டச் சுழி முட்டையாகிறது, புள்ளி கோடாகிறது. அதோடு விடுவதில்லை. கறுப்பு விளிம்பு, அதற்கு மேல் வெள்ளை விளிம்பு, பிறகு நிழல். 'ண'வின் கண் அடைகிறது, 'க்'கின் புள்ளி தலையோடு ஒட்டிக்கொள்கிறது. புள்ளி போனால் 'பட்டு' என்பது 'படடு' ஆகிறது. பெயர் பலகையை நிரப்பவில்லை என்றால் இழுக்காமல் அப்படியே விடலாம். சுற்றிலும் வெற்றிடம் இருந்தால் பெயர் இன்னும் தெளிவாகத் தெரியும். அல்லது எழுத்துகளுக்கிடையே கொஞ்சம் இடைவெளி கூட்டலாம்.

இன்னொரு கோளாறும் உண்டு. ஒரு பலகையில் 'பேக்கரி' என்ற சொல்லில் கொம்பு 'ப'வுக்குப் பின்னால் போய் நின்றதைப் பார்த்தேன். இதற்குக் காரணத்தைப் பேத்தி விளக்கினாள். யூனிகோடு என்ற பொதுக் கணினிக் குறியீட்டு முறையில் 'பே' என்பதில் 'ப' முதலில், கொம்பு அதற்கு அடுத்து என்றுதான் கம்ப்யூட்டருக்குள் பதிவாகிறது. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது மென்பொருளின் வேலை. வடிவமைப்பு மென்பொருள்கள் சிலவற்றில் அந்த வசதியை நாம்தான் திறந்துவிட வேண்டும். தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். இது தெரியாததால் பல கடைகளில் யூனிகோடு எழுத்துருவையே ஒதுக்கிவிட்டு, பழைய விசைப்பலகை எழுத்துருக்களின் நகலின் நகலை வைத்து ஓட்டுகிறார்கள். பேத்தி அந்தச் சுவரொட்டிக் கடைத் தம்பிக்கு இதைச் செய்து காட்டினாள். இரண்டு நிமிட வேலை. "இத்தனை நாள் இது தெரியாமல் போயிற்றே, அக்கா" என்றான்.

அன்பான முகமுள்ள எழுத்தைக் கண்ட இடத்தில் வைக்கும் பழக்கம் நம் ஊரில் மட்டும் இல்லை. ஆங்கிலத்தில் காமிக் சான்ஸ் என்று ஓர் எழுத்துரு. 1994-இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் வின்சென்ட் கோனாரே என்பவர், திரையில் பேசும் நாய்ப் பொம்மையின் பேச்சுக்காக வரைந்தது. நாய்ப் பேச்சுக்கு அது பொருத்தமான எழுத்து. நாளடைவில் அதை எச்சரிக்கைப் பலகையிலும் அலுவலகக் கடிதத்திலும் வைத்து வைத்து, அந்த எழுத்தையே உலகம் பழிக்கும்படி ஆகிவிட்டது. பலூ தம்பிக்கும் அந்தக் கதி வரக்கூடாது என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பேனர்க் கடை நடத்துகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். உருண்டை எழுத்தை மிட்டாய்க் கடைக்கும் பிறந்தநாளுக்கும் பாலர் பள்ளிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இரங்கல் சுவரொட்டிக்கு நேரான, அமைதியான எழுத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு மாதிரியை முன்கூட்டியே செய்து வைத்துவிடுங்கள். இரவு பதினொரு மணிக்கு ஆள் வந்தாலும் பெயரை மட்டும் மாற்றினால் போதும். பஸ் நிறுத்தங்களுக்கும் மருத்துவமனை வழிகாட்டிப் பலகைகளுக்கும்கூட இந்தக் கொழுத்த எழுத்து ஆகாது. வண்ணார்பேட்டையில் ஓடும் பஸ்ஸிலிருந்து படிக்கிறவருக்கு நொடிப்பொழுதுதான் கிடைக்கிறது. சுழிக்குள் வெளிச்சம் அதிகமுள்ள நடுத்தரத் தடிப்பு எழுத்துதான் அவருக்கு உதவும்.

தங்கள் நாளிதழின் சிறுவர் பகுதிக்கும் ஒரு வேண்டுகோள். தலைப்புக்கு இந்த உருண்டை எழுத்தை வைத்துப் பாருங்கள், பிள்ளைகள் தாமே எடுத்துப் படிப்பார்கள். கதையின் உள்ளெழுத்துக்கு மட்டும் வேண்டாம். சிறிய அளவில் பக்கம் முழுக்க அச்சிட்டால் கறுத்துப்போய்க் கண் நோகும்.

ஆசானின் முதலாண்டு நினைவு நாள் வரும் ஐப்பசியில் வருகிறது. சுவரொட்டியை அதே கடையில்தான் அச்சடிக்கக் கொடுத்திருக்கிறேன். அவர் கற்றுக்கொடுத்த கட்டை எழுத்தில் அவருடைய பெயரை ஒரு தாளில் பிரஷால் எழுதிக் கொடுத்தேன். தம்பி அதை ஸ்கேன் செய்து, இழுக்காமல், விளிம்பு போடாமல், கறுப்பிலேயே வைத்திருக்கிறான்.

இப்படிக்கு,
பெயர்ப்பலகை எழுத்து ஓவியர் (ஓய்வு),
பாளையங்கோட்டை.